பேராக் ஆற்று அணைகள்: வரவு எவ்வளவு, செலவு யாருடையது?



சுவிட்சைத் தட்டுகிறோம், விளக்கு எரிகிறது. மாதம் முடிந்தால் பில் வருகிறது. மின்சாரத்தைப் பற்றி நம் வீடுகளில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இந்த இரண்டோடு நின்றுவிடும். பில் கூடிவிட்டால் பேச்சும் கொஞ்சம் கூடும். ஆனால் அந்த மின்சாரம் எங்கே பிறந்தது, அதைப் பிறப்பிக்க எவ்வளவு செலவானது, அந்தச் செலவை யார் சுமந்தார்கள் என்று கேட்பவர் குறைவு.

இப்போது அப்படிக் கேட்க வேண்டிய காலம் வந்திருக்கிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து எடுக்கும் மின்சாரம் காற்றைக் கெடுக்கிறது, உலகைச் சூடாக்குகிறது என்று எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்டுவிட்டன. தீராத மின்சாரம் வேண்டும் என்கிறார்கள். நீர், வெயில், காற்று ஆகிய மூன்றிலிருந்தும் பெரிய பெரிய திட்டங்கள் எழுகின்றன. ஒரு காலத்தில் பால்மரம் நின்ற நிலங்களிலும் சூரியத் தகடுகளைப் பரப்பலாம் என்ற பேச்சு அடிபடுகிறது. இத்தகைய பெருந்திட்டம் நல்லதா கெட்டதா, போட்ட பணத்துக்குப் பலன் உண்டா என்று உண்மையிலேயே அளந்து சொல்ல முடியுமா? இந்தக் கேள்விக்கு விடை தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. புந்தோங்கிலிருந்து பஸ் ஏறினால் ஒரு பொழுதுக்குள் போய்ச் சேரக்கூடிய இடத்தில், நூறு ஆண்டை நெருங்கும் ஒரு சாட்சி நிற்கிறது. அதுதான் கோலகங்சாருக்கு வடக்கே, பேராக் ஆற்றின் குறுக்கே நிற்கும் செண்டரோ அணை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிந்தா பள்ளத்தாக்கு உலகத்துக்கே ஈயம் கொடுத்த மண். ஈப்போ, கோப்பேங், கம்பார், பத்து காஜா என்று எங்கு பார்த்தாலும் ஈய லம்பம். சேற்றை வாரி அரிக்கும் பெரிய ஈயக் கப்பல்கள் குட்டைகளில் மிதந்தன. அவற்றை ஓட்டவும், தண்ணீரைப் பீய்ச்சவும், மண்ணை மேலே ஏற்றவும் ஒவ்வொரு லம்பமும் தனித்தனியே நீராவி எந்திரம் வைத்திருந்தது. எந்திரத்துக்கு விறகும் நிலக்கரியும் ஓயாமல் வேண்டியிருந்தன. அவ்வளவு லம்பங்களுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் கொடுத்தால் செலவு குறையும் என்று கணக்குப் போட்டவர்கள், 1926-இல் லண்டனில் பேராக் ஆற்று நீர்மின்சாரக் கம்பெனியைத் தொடங்கினார்கள். கம்பார் பக்கம் மாலிம் நாவாரில் ஓர் அனல் மின்நிலையம் முதலில் எழுந்தது. 1930 வாக்கில் செண்டரோ அணை மின்சாரம் தரத் தொடங்கியது. நம் நாட்டின் முதல் பெரிய நீர்மின் அணை அது.

வாங்குபவர் தயார், விலை நன்றாக இருக்கிறது, ஆறு ஓடிக்கொண்டே இருக்கிறது. இதைவிடத் தெளிவான கணக்கு வேறு உண்டா என்றுதான் அன்று தோன்றியிருக்கும். ஆனால் நடந்தது வேறு. கம்பெனி தொடங்கிய 1926-இல் ஈயம் டன்னுக்கு 280 பவுனுக்கு மேல் விற்றது. 1931-இல் அது 120 பவுனை ஒட்டி விழுந்தது. உலகப் பொருளாதார மந்தம் வந்துவிட்டது. அதே 1931-இல் ஈய உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தமும் வந்தது. ஒவ்வொரு நாடும் இவ்வளவுதான் தோண்டலாம் என்று அளவு வைத்தார்கள். லம்பங்கள் மூடப்பட்டன. அணை எழுந்து எந்திரம் சுழலத் தயாரானபோது, மின்சாரத்தை வாங்க வேண்டியவன் கடையைச் சாத்திக்கொண்டிருந்தான்.

அதே மந்தத்தில் ரப்பரும் விழுந்ததை நம் தாத்தா பாட்டிமார் மறந்திருக்க மாட்டார்கள். 1930-க்கும் 1932-க்கும் இடையில் ஆயிரமாயிரம் தமிழ்த் தொழிலாளர்களைக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். தோட்டத்து ஆளும் லம்பத்து எந்திரமும் ஒரே காற்றில் விழுந்த காலம் அது.

ஆக, 1932-இல் ஒரு கணக்கப்பிள்ளையை அழைத்துச் செண்டரோவை மதிப்பிடச் சொல்லியிருந்தால், வீண் செலவு என்று எழுதிக் கொடுத்திருப்பார். சில ஆண்டுகள் கழித்து ஈயம் மீண்டபின் கேட்டிருந்தால், நல்ல முதலீடு என்றிருப்பார். 1985 அக்டோபரில் உலக ஈயச் சங்கம் பணமில்லாமல் முறிந்தது. கிந்தாவின் லம்பங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. எந்தத் தொழிலுக்காக அணை கட்டப்பட்டதோ அந்தத் தொழிலே போய்விட்டது. ஆனால் அணை நிற்கிறது. கம்பெனியின் உடைமைகள் 1980-களின் தொடக்கத்தில் தேசிய மின்சார வாரியத்திடம் சேர்ந்தன. வாரியம் 1990 செப்டம்பரில் தெனாகா நேஷனலாக மாறியது. செண்டரோ இன்றும் ஏறக்குறைய 40 மெகாவாட் திறனோடு சுழல்கிறது. கட்டிய கடன் என்றோ தீர்ந்து, ஆற்றுநீர் இனாமாக வந்து சுழற்றுகிற எந்திரம்! அணைக்குப் பின்னால் ஏரி விரிந்த இடத்தில், ராபானில், மீன்பிடித்துப் பிழைக்கும் ஊரும் உண்டாகியிருக்கிறது. 1926-இல் கணக்குப் போட்ட எவரும் அந்த மீனை எந்தப் பத்தியிலும் எழுதியிருக்க மாட்டார்.

பெருந்திட்டத்தை மதிப்பிடுவதில் முதல் சிக்கல் இதுதான். எந்த ஆண்டில் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

இரண்டாவது சிக்கலைத் தோட்டத்தில் பிறந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. காலையில் வெட்டி, பாலெடுத்து, வாளியில் சுமந்து வந்து நிறுவைக் கொட்டகையில் வைக்கிறோம். தராசு ஒரு எடை காட்டுகிறது. ஆனால் அந்த எடைக்குச் சம்பளம் இல்லை. பாலில் தண்ணீர் எவ்வளவு, காய்ந்தால் நிற்கும் ரப்பர் எவ்வளவு என்று கிராணி சோதித்துப் பார்த்து, அதன்படிதான் புத்தகத்தில் எழுதுவார். மழை நாளில் வாளி நிறையும், ரப்பர் குறையும். மெகாவாட் என்பது வாளியின் அளவைப் போன்றது. 648 மெகாவாட் சூரிய நிலையம் என்றால், உச்சி வெயிலில், மேகமில்லாத வானில் அவ்வளவு தரக்கூடியது என்று பொருள். இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் அப்படி ஒன்று திறந்தார்கள். 2,500 ஏக்கரில் 25 லட்சம் தகடுகள். இரவில் அது தூங்கும். மாலையில் சாயும். ஆண்டு முழுவதும் கூட்டிப் பார்த்தால், வாளி நிறைய இருந்திருந்தால் கிடைக்கும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு தேறினால் அதுவே வழக்கமான விளைச்சல். இதைக் குறையாகச் சொல்லவில்லை. வெயிலின் இயல்பு அது. பத்திரிகையில் மெகாவாட்டைப் பெரிய எழுத்தில் போடும்போது, உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று கேட்கப் பழகவேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம். நீர்மின்சாரத்துக்கும் இதே விதிதான். ஆறு வற்றினால் எந்திரம் காத்திருக்கும். ஆனால் அணைக்கு ஒரு நன்மை உண்டு. நீரைத் தேக்கி வைத்திருந்து, ஊரெல்லாம் விளக்கேற்றும் மாலை நேரத்தில் திறந்துவிடலாம். வெயிலைத் தேக்கி வைக்க மின்கலத்துக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் நண்பகலில் கிடைப்பதும் இரவு எட்டு மணிக்குக் கிடைப்பதும் ஒன்றல்ல என்பதைக் கணக்கில் சேர்க்காத மதிப்பீடு பாதி மதிப்பீடு.

இனி, வரவு செலவு எழுதும் முறைக்கு வருவோம். இந்த முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் 1936-இல் வெள்ளத் தடுப்புச் சட்டம் ஒன்று வந்தது. ஆற்றில் அரசாங்கம் ஒரு வேலை செய்ய வேண்டுமானால், அதனால் வரும் நன்மை, அது யாருக்குப் போய்ச் சேர்ந்தாலும் சரி, செலவைவிடக் கூடுதலாக இருக்கவேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. அன்றிலிருந்து பொறியாளர்கள் ஒரு பக்கம் நன்மை, மறுபக்கம் செலவு என்று எழுதிக் கழித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். உலக வங்கி முதல் நம் நாட்டு அமைச்சுகள் வரை அந்த முறை பரவியது. நல்ல முறைதான். கண்ணை மூடிக்கொண்டு பணத்தைக் கொட்டுவதைவிட எவ்வளவோ மேல். ஆனால், 'யாருக்குப் போய்ச் சேர்ந்தாலும் சரி' என்ற இடத்தில் ஒரு முள் இருக்கிறது. மேட்டு நிலத்தில் நூறு குடும்பம் வீடிழந்து, சமவெளியில் பத்தாயிரம் குடும்பம் விளக்குப் பெற்றால், கழித்துப் பார்த்தால் லாபம். வீடிழந்தவன் அந்தக் கழித்தலில் எங்கே இருக்கிறான்?

இன்னொரு முள்ளும் உண்டு. நம் வீடுகளில் கூட்டு பிடிப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். ஏலக் கூட்டில் முதல் மாதமே பணத்தை எடுப்பவர் தள்ளிக் கொடுத்துக் குறைவாக எடுக்கிறார், கடைசி வரை காத்திருப்பவர் முழுதாக எடுக்கிறார். இன்றைய வெள்ளிக்கு நாளைய வெள்ளியைவிட மதிப்புக் கூட என்பதே அதன் அடிப்படை. திட்டம் போடுபவர்களும் அப்படித்தான், எதிர்காலத்தில் வரும் வரவையும் செலவையும் ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு என்று தள்ளி எழுதுகிறார்கள். 8 விழுக்காடு தள்ளினால், 50 ஆண்டுக்குப் பின் வரும் 100 வெள்ளிச் செலவு இன்றைய கணக்கில் ஏறக்குறைய 2 வெள்ளிதான். 3 விழுக்காடு தள்ளினால் அதுவே ஏறக்குறைய 23 வெள்ளி. அணை அதே அணை, ஆறு அதே ஆறு. ஓர் அதிகாரி தேர்ந்தெடுத்த ஒரு விழுக்காடு, பேரப்பிள்ளைகள் சுமக்கப்போகும் பாரத்தை 23 வெள்ளியாகவும் காட்டும், 2 வெள்ளியாகவும் காட்டும். இதைப் பொய்க்கணக்கு என்று சொல்ல முடியாது. ஆனால் பேரப்பிள்ளைகளைக் கேட்டு எழுதிய கணக்கு என்றும் சொல்ல முடியாது.

பேரப்பிள்ளைகளின் பாரம் எப்படி இருக்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. கேமரன் மலையில், ரிங்லெட்டில், 1963-இல் சுல்தான் அபு பக்கார் அணை கட்டி முடிக்கப்பட்டது. தெலோம், பெர்தாம் ஆறுகளின் நீரை மலையைக் குடைந்த சுரங்கங்கள் வழியே திருப்பி, ஐந்நூறு மீட்டருக்கு மேல் கீழே இறக்கி, பேராக் பக்கமுள்ள சுல்தான் யூசுப் மின்நிலையத்தைச் சுழற்றும் திட்டம். பகாங் நீர் பேராக்கில் வேலை செய்கிறது. அணைக்குப் பகாங் சுல்தானின் பெயர், மின்நிலையத்துக்குப் பேராக் சுல்தானின் பெயர். மரியாதையைப் பங்கிட்டுக்கொள்ளத் தெரிந்தவர்கள்தான் திட்டமிட்டிருக்கிறார்கள். மின்நிலையத்தின் திறன் 100 மெகாவாட். அதற்குக் கீழே வோவில் பின்னர் 150 மெகாவாட் நிலையம் சேர்ந்தது. மலேசியா பிறந்த ஆண்டில் எழுந்த இந்தத் திட்டம் அன்று நாட்டுக்குப் பெருமை.

அணை 80 ஆண்டு உழைக்கும் என்று கணக்கிட்டிருந்தார்கள். ஏரியில் 60 லட்சம் கன மீட்டருக்கு மேல் நீர் நிற்கும். மலையிலிருந்து அடித்துவரும் மண்ணுக்கும் அடியில் இடம் ஒதுக்கித்தான் வைத்தார்கள். ஆனால் அன்று அவர்கள் பார்த்த மலை, பெரும்பகுதி காடு மூடிய மலை. பின்னர் சரிவுகளை வெட்டிக் காய்கறித் தோட்டங்கள் பெருகின. பிளாஸ்டிக் கூரைகள் பரவின. சாலை வந்தது, ஓட்டல் வந்தது, அடுக்குமாடி வந்தது. மழைநீர் மண்ணில் இறங்காமல் மண்ணையே அள்ளிக்கொண்டு ஏரிக்கு வந்தது. 40 ஆண்டுக்குள் ஏரியின் ஏறக்குறைய பாதி சேற்றால் நிரம்பிவிட்டது. அந்தச் சேற்றை வாரி வெளியேற்றுவது தீராத வேலையாகி, தீராத செலவுமாகிவிட்டது.

இதில் யார் கணக்கு தவறியது? அணை கட்டியவர் அணைக்குள் உள்ளதைச் சரியாகவே அளந்தார். அணைக்கு வெளியே, அடுத்தவன் மலையில் அடுத்தவன் மண்வெட்டி என்ன செய்யும் என்பதை அவரால் அளக்க முடியவில்லை. காய்கறி பயிரிட்டவரின் கணக்கில் காய்கறி இருந்தது, ஏரிச் சேறு இல்லை. ஓட்டல் கட்டியவரின் கணக்கிலும் அது இல்லை. தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்த நம் மக்கள் இவை எதையும் தீர்மானிக்கவில்லை. ஆனால் பள்ளத்தாக்கில் குடியிருந்தவர்கள் எல்லாரையும் போல, அவர்களும் அந்த ஏரியின் கீழேதான் வாழ்ந்தார்கள்.

2013 அக்டோபர் 23 அதிகாலை, பலத்த மழைக்குப் பின் ஏரி நிரம்பியது. அணையைக் காக்க மதகுகள் திறக்கப்பட்டன. இருட்டில் பெர்தாம் பள்ளத்தாக்குக்குள் நீரும் சேறும் பாய்ந்தன. குறைந்தது மூன்று உயிர்கள் போயின. வீடுகளும் வண்டிகளும் அடித்துச் செல்லப்பட்டன. சேறு நிரம்பிய ஏரியில் மழைநீருக்கு இடம் குறைவு என்பதை எந்தக் குழந்தையும் சொல்லும். ஆற்றோரத்து ஒதுக்கு நிலத்தில் ஏன் வீடு கட்டினார்கள் என்றும் அப்போது கேட்டார்கள். அந்தக் கேள்வியிலும் நியாயம் உண்டு. ஆனால் வாடகை குறைந்த இடத்தைத் தேடிப் போகிறவன் எங்கே போவான் என்பது தோட்டம் விட்டுப் புந்தோங்குக்கு வந்த குடும்பங்களுக்குத் தெரியும்.

இனி ஆற்றின் தலைப்பக்கம். உலு பேராக்கில் 1970-களில் தெமெங்கோர் அணை எழுந்தது. உயரம் 127 மீட்டர், மின்திறன் 348 மெகாவாட். ஏரியின் பரப்பு 152 சதுர கிலோமீட்டர். அதன்பின் 1980-களின் தொடக்கத்தில் பெர்சியா, கெனெரிங் அணைகளும் கீழே சேர்ந்தன. ஒரே ஆற்று நீர் நான்கு அணைகளில் அடுத்தடுத்து வேலை செய்துவிட்டுத்தான் கடலுக்குப் போகிறது. தெமெங்கோரைக் கட்டியதில் மின்சாரத்தோடு, எல்லைக் காட்டில் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களின் நடமாட்டத்தைத் தடுக்கும் எண்ணமும் இருந்தது என்று சொல்வதுண்டு. பாதுகாப்பை எந்த விலையில் எழுதுவது? அதோடு வெள்ளத் தடுப்பும் உண்டு. 1926-இலும் 1967-இலும் பேராக் ஆறு பெருகி ஊர்களை மூழ்கடித்ததை முதியவர்கள் 'ஆயர் பா' என்று சொல்லி நினைவுகூர்வார்கள். தலைப்பக்கம் ஒரு பெரிய ஏரி இருந்தால், கீழே கோலகங்சாரும் தெலுக் இந்தானும் ஓரளவு தப்பும். ஆனால் நடக்காத வெள்ளத்தை யார் அளப்பது? அணை இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் காட்ட, அணை இல்லாத இன்னொரு பேராக் ஆறு நம்மிடம் இல்லை.

நடந்ததை அளக்கலாம் அல்லவா? அந்தக் காட்டில் தெமியார், ஜஹாய் மக்கள் வாழ்ந்திருந்தார்கள். ஏரி நிரம்பும்போது அவர்களை ஆயர் பானுன், பண்டிங், கெமார் என்ற குடியேற்றங்களுக்கு மாற்றினார்கள். வீட்டுக்கு விலை போடலாம், பழமரத்துக்கும் போடலாம். மூதாதையரைப் புதைத்த இடத்துக்கு, வேட்டைப் பாதைக்கு, ஒவ்வொரு ஓடைக்கும் இருந்த பெயருக்கு எந்தப் பத்தியில் விலை எழுதுவது? தோட்டம் விற்கப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, கோயிலை எங்கே மாற்றுவது என்று தவித்த நம்மவர்களுக்கு இந்தக் கேள்வி அந்நியமானதன்று. இழப்பீடு எத்தனை ஆயிரம் வெள்ளி என்று எழுதிய தாளில், முனியாண்டி நின்ற மரத்துக்கு ஒரு வரி இருந்ததா?

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். 1934-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. அதனால் தஞ்சைக்குப் பாசனம் சீரானது, பின்னர் மின்சாரமும் வந்தது. நீரில் மூழ்கிய ஊர்களின் நினைவாக, ஏரி வற்றும் கோடையில் பண்ணவாடிப் பக்கம் பழைய கோயிலின் நந்தியும் தேவாலயத்தின் கோபுரமும் தலைகாட்டுகின்றன. நெல் விளைந்தது ஒரு மாவட்டத்தில், ஊர் மூழ்கியது இன்னொரு மாவட்டத்தில். அதற்கும் முன்னே, 1902-இல், மைசூர்ச் சீமையில் காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் எடுத்து 140 கிலோமீட்டருக்கு மேல் கம்பி இழுத்துக் கோலார் தங்கச் சுரங்கத்துக்குக் கொடுத்தார்கள். சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர். சுரங்கத்துக்கு மின்சாரம் போன பிறகு, 1905-இல்தான் பெங்களூர்த் தெருவுக்கு விளக்கு வந்தது. தங்கம், ஈயம் என்று பெயர்தான் வேறு, முறை ஒன்றே. முதல் விளக்கு எந்திரத்துக்கு, அடுத்தது பட்டணத்துக்கு, கூலிக்காரன் குடிசைக்குக் கடைசி.

இதில் எங்கள் அனுபவத்தையும் ஒரு வரி சேர்க்கலாம். 1980-களில் நாங்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோது எங்கள் லயத்துக்கு ஜெனரேட்டர் மின்சாரம்தான். மாலையில் வரும், இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். அதற்குப் பிறகு படிக்க வேண்டுமானால் மண்ணெண்ணெய் விளக்கு. தோட்டத்து எல்லையில் உயர்ந்த இரும்புக் கோபுரங்களில் மின்கம்பி போய்க்கொண்டிருந்தது. அது எங்கே போகிறது என்று கேட்டால், பெரியவர்கள் 'டவுனுக்கு' என்பார்கள். ஒரு மாநிலத்தில் இத்தனை மெகாவாட் என்று எழுதும் மதிப்பீட்டில், எந்த வீட்டுக்கு எந்த ஆண்டில் விளக்கு வந்தது என்ற பத்தியும் வேண்டும் என்று நாங்கள் நினைப்பது அதனால்தான்.

உலக அளவிலும் இந்தக் கணக்கைத் திரும்பிப் பார்த்தவர்கள் உண்டு. 1998-இல் உலக அணைகள் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. தென்னாப்பிரிக்க அமைச்சராக இருந்த இந்திய வம்சாவளியினர் காதர் அஸ்மால் அதன் தலைவர். அணை கட்டுபவர்களும் அணையை எதிர்ப்பவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். 2000 நவம்பரில் வந்த அறிக்கை, அணைகள் மனித குலத்துக்குப் பெரும் நன்மை செய்திருக்கின்றன என்று ஒப்புக்கொண்டது. அதே மூச்சில், உலகெங்கும் 4 கோடி முதல் 8 கோடிப் பேர் வரை இடம்பெயர்க்கப்பட்டார்கள் என்றும் சொன்னது. இந்த எண்ணைக் கவனியுங்கள். நாலு கோடிக்கும் எட்டுக் கோடிக்கும் இடையில் எத்தனை என்று தெரியாது! கான்கிரீட்டை மூட்டைக் கணக்கில் அறிந்தவர்கள் மனிதரைக் கோடிக் கணக்கில்கூடச் சரியாக எண்ணி வைக்கவில்லை. கட்டும் செலவு முதலில் சொன்னதைவிடச் சராசரி 56 விழுக்காடு கூடியது என்றும் ஆணைக்குழு கண்டது. 2014-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 245 பெரிய அணைகளைப் பார்த்து, சராசரியாக ஏறக்குறைய இரண்டு மடங்கு செலவானது என்றார்கள். அவர்கள் செலவை மட்டும் பார்த்தார்கள், அணை நெடுங்காலம் தரும் பலனைப் போதிய அளவு பார்க்கவில்லை என்று மறுத்தவர்களும் உண்டு. செண்டரோவை நினைத்தால் அந்த மறுப்பிலும் பொருள் இருக்கிறது.

அப்படியானால் மதிப்பிடவே முடியாதா? முடியாது என்று கைகழுவுவது சோம்பேறித்தனம் என்பது எங்கள் எண்ணம். ஒரே எண்ணில் நல்லது, கெட்டது என்று தீர்ப்புச் சொல்ல முடியாமல் போகலாம். ஆனால் முன்கூட்டியே திறந்து வைத்துக் கேட்கப்படும் கணக்கு, திட்டத்தையே திருத்தியிருக்கிறது. இலங்கை மலையகத்தில் தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் அதற்குச் சான்று. தேயிலைத் தோட்டத் தமிழர் நிறைந்த பகுதி அது. அருவிகள் வற்றிவிடும், வீடுகள் போகும் என்று மக்களும் இயற்கை ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். சுற்றுச்சூழல் அறிக்கையை அதிகாரிகள் மேசையோடு முடித்துவிட முடியவில்லை. திட்டம் சுருங்கியது, வேறு அருவிகளின் நீரைத் திருப்பும் யோசனை கைவிடப்பட்டது. சென் கிளேயர் அருவியின் நீர் மட்டும் குறைந்தது. இடம் பெயர்ந்த குடும்பங்களுக்குப் புது வீடுகள் கட்டினார்கள். 2012-இல் 150 மெகாவாட்டோடு திறந்தார்கள். எல்லாரும் மனநிறைவு அடைந்தார்கள் என்று சொல்லமாட்டோம். ஆனால் யாரும் கேட்காதிருந்தால் எழுந்திருக்கும் அணை வேறு, கேட்டதால் எழுந்த அணை வேறு.

நம் நாட்டில் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974-இல் வந்தது. பெரிய திட்டங்களுக்கு முன்கூட்டியே சுற்றுச்சூழல் பாதிப்பை மதிப்பிட வேண்டும் என்ற கட்டளை 1987-இல் பிறந்து, 1988 ஏப்ரலிலிருந்து நடப்புக்கு வந்தது. செண்டரோ, ரிங்லெட், தெமெங்கோர் ஆகிய மூன்றும் அதற்கு முந்தியவை. பின்னர் வந்த சரவாக்கின் பாக்குன் அணைக்கு மதிப்பீடு உண்டு. ஆனால் மக்கள் கருத்தைக் கேட்காத முறையில் நடந்தது என்று நீதிமன்றம் வரை போனார்கள். 1996-இல் உயர்நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது, மறு ஆண்டு மேல்முறையீட்டில் அது மாறியது. ஏறக்குறைய பத்தாயிரம் பேர் சுங்கை ஆசாப்புக்குப் போனார்கள். 2011-இல் மின்சாரம் வந்தது. மதிப்பீடு என்ற தாள் இருப்பது ஒன்று, அதைப் பாதிக்கப்படுபவர் படித்துக் கேள்வி கேட்கும் வாய்ப்பு இருப்பது இன்னொன்று.

நேயர்களே, உங்கள் பக்கம் ஒரு சூரிய வயலோ சிறு அணையோ வருகிறது என்று கேள்விப்பட்டால், மெகாவாட் எத்தனை என்பதோடு நின்றுவிடாதீர்கள். ஓர் ஆண்டில் உண்மையில் எவ்வளவு யூனிட், அதில் எவ்வளவு மாலை வேளையில் என்று கேளுங்கள். எத்தனை ஆண்டு உழைக்கும், உழைத்து முடிந்தபின் அந்தத் தகடுகளையும் சேற்றையும் அப்புறப்படுத்தும் செலவு யார் பேரில் என்று கேளுங்கள். அந்த நிலத்தில் இன்று குடியிருப்பவர் யார், அவர்கள் பெயர் செக்ரோலில் இருப்பதுபோல் அந்தத் தாளில் ஒவ்வொன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்தாண்டு, பத்தாண்டு கழித்து அதே தாளை எடுத்து, சொன்னது நடந்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பு யாருக்கு என்பதையும் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான திட்டங்களில் இந்தக் கடைசி வேலையைத்தான் யாரும் செய்வதில்லை. திறப்பு விழாவுக்குப் பந்தல் போடுகிறவர்கள் உண்டு, பத்தாம் ஆண்டுக் கணக்குக்குப் பந்தல் போட்டு நாங்கள் பார்த்ததில்லை.

இப்போது கிளந்தானில், குவா மூசாங் பக்கம், நெங்கிரி ஆற்றில் 300 மெகாவாட் அணைக்கான பணி தொடங்கியிருக்கிறது. அங்கேயும் ஆற்றங்கரையில் இருப்பவர்கள் தெமியார் மக்கள். தெமெங்கோரில் இடம் மாறியவர்களின் உறவு இனம். இந்த முறை மதிப்பீட்டு அறிக்கை உண்டு, இழப்பீட்டுப் பட்டியல் உண்டு, புதுக் குடியேற்றம் உண்டு, எதிர்ப்பும் உண்டு. பேராக் ஆற்றின் தலைப்பக்கத்தில் 1970-களில் இடம் மாறிய பிள்ளைகள் இன்று ஐம்பது வயதைக் கடந்தவர்கள். எது கிடைத்தது, எது போனது என்று எண்ணிச் சொல்லக்கூடியவர்கள் அவர்களில் பலர் இன்னும் ஆயர் பானுனிலும் கெமாரிலும் இருக்கிறார்கள்.